கரோக்கியை நிறுத்துங்கள், சுருதிப்பெட்டியைத் திறவுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரம் சித்தியடைந்துவிட்டாள். அமெரிக்காவின் கெலி கிளார்க்சன் ஒரு ரி.வி. போட்டியால் உலகப் பாடகி ஆனார் என்று வாசித்தேன். யாழ்ப்பாணத்து அரியாலைப் பிள்ளை கில்மிஷாவும் சென்னையில் ரி.வி. பாட்டுப் போட்டியில் வென்று காட்டிவிட்டார். ஓ.எல். (சாதாரண தர) சோதனையை ஒரு வருடம் தள்ளிவைத்து, மகளைச் சென்னையில் ரி.வி. போட்டிக்கான குரல்தேர்வுக்குக் கூட்டிச் செல்ல நினைக்கிறேன். தினமும் நாலு மணித்தியாலம் கரோக்கியில் பாடிப் பழகுகிறாள். ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. என் முடிவு சரிதானே?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: சரியில்லை. முதலில் தொண்டையைக் கவனியுங்கள். குரல் கம்மி மூன்று கிழமைக்கு மேல் போனால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும். குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்பது சிறிய கமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வேளைக்கே கண்டால் பெரும்பாலும் ஓய்வும் குரற்பயிற்சியுமே போதும். கவனிக்காமல் இன்னும் ஆறு மாதம் கத்தவைத்தால் எந்தப் போட்டிக்கும் குரல் மிஞ்சாது.

கெலி கிளார்க்சனின் கதையில் நீங்கள் பாதியைத்தான் வாசித்திருக்கிறீர்கள். 2002 செப்டெம்பரில் 'அமெரிக்கன் ஐடல்' முதற் பருவத்தை வென்றபோது அவருக்கு 20 வயது. பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களை அந்தப் போட்டி அப்போது சேர்க்கவேயில்லை. வெற்றியாளருக்கென்று ஆயத்தமாக இருந்த பாட்டு பில்போர்ட் பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே, இரண்டாம் இடம் பெற்றவரோடு அவர் நடித்த படம் படுத்துவிட்டது. நடிக்க அவருக்கு விருப்பமில்லை, ஒப்பந்தம் விடவில்லை. அவரை நிலைக்கவைத்தது 2004இல் வந்த இரண்டாவது அல்பம். அதில் சில பாடல்களை அவரும் சேர்ந்து எழுதினார். 2006இல் கிடைத்த இரண்டு கிராமி விருதுகளும் அந்த வேலைக்காகத்தான். அதே 'ஐடல்' மேடையில் 2004இல் ஏழாம் இடத்தோடு வெளியேறிய ஜெனிபர் ஹட்சன் 2007இல் ஒஸ்கார் வாங்கினார். 2005இல் 'பேம் குருகுல்' என்ற இந்தி ரி.வி. போட்டியில் இடையில் விழுந்த அரிஜித் சிங், ஒலிப்பதிவு அறைகளில் இசையமைப்பாளர்களுக்கு உதவியாக வேலை செய்து, 2013இல்தான் நாடறிந்த பாடகரானார். நடுவில் எட்டு ஆண்டுகள். கில்மிஷாவின் 2023 டிசம்பர் வெற்றியில் எனக்கும் நிறையப் பெருமை உண்டு. ஆனால் அது சிறுவர் போட்டி. உங்கள் மகள் நிற்கப்போவது பெரியவர்களின் வரிசையில்.

இனிக் கரோக்கி. அதில் ட்ராக், அதாவது பின்னணி இசை, பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. எக்கோ மூச்சு அறுவதை மறைக்கிறது. போட்டிகளின் முதற் சுற்றிலோ பெரும்பாலும் வாத்தியமே இராது. ஒரு நிமிடம், வெறுங்குரல். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுருதிப்பெட்டியை ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தி, பல்லவியும் ஒரு சரணமும் பாடச் சொல்லுங்கள். முடிந்ததும் பெட்டியைத் திரும்பப் போடுங்கள். அரைச்சுரம் இறங்கியிருந்தால் ஆள் இன்னும் ஆயத்தமில்லை. தொண்டை தேறியபிறகு காலையில் 20 நிமிடம் சுருதியோடு அகாரம் ('ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி), பின்னேரம் 40 நிமிடம் பாட்டு. இந்த வயதுக்கு அது போதும்.

இன்னொரு பிழை கட்டையில், அதாவது பாடும் ஆதார சுருதியில், வரும். சங்கீத வகுப்பில் ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய பெண்பிள்ளை, ஆண் பாடகர் பாடிய பாட்டை அதே ட்ராக்கில் எடுத்தால் கீழ்ச்சுரங்கள் வெறும் காற்றாகப் போகும். ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் உச்சம் கத்தலாகும். ட்ராக்கை நாலைந்து அரைச்சுரம் உயர்த்திப் பாருங்கள். போனிலேயே செய்யலாம். உச்சச் சுரத்தை மூன்று முறை தொடர்ந்து சிரமமில்லாமல் தொட்டால்தான் அது அவளுடைய கட்டை. மெலடி ஒன்று, துள்ளல் ஒன்று, கிராமியம் ஒன்று, இராகம் தெரிய ஒன்று என்று நாலு பாட்டு கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நல்ல இடத்திலிருந்தே தொடங்கட்டும். ஹம்மிங்கில் பத்துச் செக்கன் போனால் போனதுதான்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கவேண்டும், உச்சத்தில் ஒரு சாண் விலக்கவேண்டும். வலைத்தலையைக் கையால் பொத்தினால் குரல் மங்கும், கூவலும் வரும். உச்சரிப்பில் ல, ள, ழ பிசகினால் கட்டாயம் திருத்துங்கள். 'காற்று', 'நேற்று' என்பவற்றில் எங்கள் ற்ற தமிழகத்தார் பாடுவதுபோல் ஒலிக்காது. அதைப் பிழை என்று எவராவது சொன்னால் பிள்ளை வெட்கப்படத் தேவையில்லை. அது பழைய தமிழின் ஒலி.

18 வயதுக்குக் கீழே என்றால் போட்டி ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கப்போவது நீங்கள். எத்தனை மாதம் வேறு மேடை ஏறக்கூடாது, கோயில் திருவிழாவில் பாடலாமா, பதிவுகள் யாருக்குச் சொந்தம், வெளிநாட்டு நிகழ்ச்சிக் காசில் எத்தனை வீதம் போட்டி நடத்துபவர்களுக்கு: இந்த நாலையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் பேனையைத் தொடாதீர்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, உங்கள் கடிதத்தில் மகளின் சொந்தப் பாட்டு என்று ஒரு வரிகூட இல்லாதது. மாதக்கணக்காக மற்றவர்களின் பாட்டைப் பாடி வென்ற பிள்ளையிடம், போட்டி முடிந்த கிழமையே "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள். அப்போது நீட்ட ஏதாவது வேண்டும். யாழ்ப்பாணத்தில் இசையமைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவள் வயதுக்கேற்ற சொற்களில் மூன்று நிமிடப் பாட்டு இரண்டு செய்யுங்கள். கீபோர்ட்டும் குரலும் போதும். வீதிச் சத்தம் வராத அறையில், சுவரோரம் மெத்தை சாத்தி, கண்டென்சர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடினால் முதற் பதிவுக்குத் தாராளம்.

ஓ.எல். எழுதியபின் ஏ.எல். (உயர்தர) வகுப்புத் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்துங்கள். அந்த நேரத்தில் குரல்தேர்வு அறிவித்தால் சென்னைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அறிவிக்காவிட்டால் அந்த இரண்டு பாட்டையும் அப்போதே பதிவு செய்யுங்கள்.