பகலில் கண்ணில் படாத புழு

கேள்வி: மொட்டை மாடியில் 12 பைகளில் தக்காளியும் தண்டுக்கீரையும் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இலையெல்லாம் பெரிய ஓட்டை, கீழே கருப்பு எச்சம். இலை இலையாகப் புரட்டியும் ஒரு புழு கிடைக்கவில்லை. காலை 9 மணிக்கு வேப்பெண்ணெய் அடித்தும் பயனில்லை. என்ன செய்வது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது புரோடீனியா, அதாவது புகையிலை வெட்டுப்புழுவாகத்தான் இருக்க வேண்டும் அம்மா. வளர்ந்த புழு ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கி, பைக்குள் மண்ணிலோ சருகுக்கு அடியிலோ சுருண்டுகொள்ளும். மாடித் தோட்டத்தில் நாம் தென்னை நார்க் கழிவு நிறையப் போடுகிறோமே, பொலபொலவென்று இருக்கும் அந்தக் கலவை அதற்கு ரொம்ப வசதி. அதனால் இன்று ராத்திரி 8 மணிக்கு மேல் டார்ச்சும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமுமாக மாடிக்குப் போங்கள், கையோடு பிடித்துப் போடலாம்.

ஆனால் இதே புழு குஞ்சாக இருக்கும்போது அப்படி ஒளியாது. தாய் அந்துப்பூச்சி இலையடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவித்து, தன் உடம்பு மயிரால் மூடிவிட்டுப் போகும், பழுப்புப் பஞ்சு ஒட்டியது போலத் தெரியும். பொரித்த குஞ்சுகள் முதல் சில நாள் பகலிலும் அதே இலையில் கூட்டமாக இருந்து பச்சையத்தைச் சுரண்டும், இலை வெளுத்துக் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு இலையைக் கிள்ளி எறிந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். இந்த நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள், பிரிந்து போய்விட்டால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான்.

வேப்பெண்ணெய் மேல் தப்பில்லை. வெயில் பட்டால் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும், நீங்கள் அடித்த நேரத்தில் புழுவும் மேலே இல்லை. சாயங்காலம் 5.30-க்கு மேல், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையடி நனைய அடியுங்கள். சின்னப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

வயலில் தவிடு, வெல்லத்தோடு மருந்து கலந்து உருண்டை வைப்பார்கள். காக்காயும் பூனையும் வந்துபோகும் மாடியில் அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று, பிற்பாடு கத்தரி வைத்தால் அதே கணக்கைப் போடாதீர்கள். எபிலாக்னா வண்டின் புழு, மஞ்சளாக முள் முள்ளாக, பட்டப்பகலில் இலையிலேயே உட்கார்ந்து சுரண்டும். அதற்கு டார்ச் தேவையில்லை.

செடியைப் பிடுங்கிய பையில் உடனே அடுத்த நாற்றை நடாமல், மண்ணை வெயிலில் கொட்டிக் கிளறுங்கள். செம்பழுப்பாகக் கூட்டுப்புழு கிடைத்தால் பொறுக்கிவிடுங்கள், அதிலிருந்துதான் அடுத்த அந்துப்பூச்சி வரும்.