தனி ஊசல்ல ஜி சரியா வர மாட்டேங்குதா? கேளுங்க, சொல்றேன்

பிளஸ் ஒன் பிராக்டிகல் நேரம், நூல்ல குண்டக் கட்டி ஆட விட்டு ஜி-ய (புவியீர்ப்பு முடுக்கம், மீ/செ²ல 9.8 கிட்ட வரணும்) கண்டுபிடிக்கிறதுல எல்லாரும் ஒரே மாதிரி மாட்டிக்கிறீங்க, அதனால வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒண்ணா பதில் போட்டுடறேன்.

கேள்வி: சார், எத்தனை தடவ செஞ்சாலும் 10.8 கிட்டயே வருது. நூலு, குண்டு எல்லாம் மாத்தியாச்சு. கணக்கும் சரிதான்.

பதில்: 10.8ன்னு சொன்னதுமே புரிஞ்சிடுச்சுப்பா, நீ எண்றதுலதான் கோளாறு. ஸ்டாப்வாட்ச்ச அமுக்கும்போதே "ஒண்ணு"ன்னு ஆரம்பிக்கிறே, இல்ல? அப்போ 20ன்னு சொல்லி நிறுத்துறப்போ நடந்திருக்கறது 19 அலைவுதான். அலைவு நேரம் (ஒரு தடவ போய் வர ஆகுற நேரம்) 5 சதவீதம் குறைஞ்சிடும், ஃபார்முலால (ஜி = 4π² × நீளம் ÷ அலைவு நேர வர்க்கம்) அது வர்க்கமா கீழ உக்காந்திருக்கு, அதனால 9.78 வர வேண்டியது 10.8க்கு ஏறிடும். அமுக்கும்போது "சைபர்"னு சொல்லு. இன்னொண்ணு, குண்டு ஓரத்துக்குப் போய் திரும்புற இடத்துல அமுக்காத, அங்க அது கிட்டத்தட்ட நின்னுடும், எப்போ திரும்புச்சுன்னே கண்ணுக்குப் பிடிபடாது. பின்னாடி சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, நடுவுல வேகமா அதைத் தாண்டும்போது அமுக்கு.

கேள்வி: பொண்ணு நூலோட நீளத்த மட்டும் அளந்து கிராஃப் போட்டுட்டா சார். குண்டோட ஆரத்தக் கூட்டல. எல்லாம் வேஸ்ட்டா?

பதில்: இல்லவே இல்லங்க. 1 மீட்டர் நூல்ல 2 செ.மீ. விட்டமுள்ள குண்டுன்னா, ஒரே ஒரு ரீடிங்க வெச்சு கணக்குப் போட்டா ஜி 1 சதவீதம் கம்மியாகும், உண்மைதான். ஆனா கிராஃப் போட்டாச்சே! நீளத்துக்கும் அலைவு நேர வர்க்கத்துக்கும் போட்ட கோடு முழுசா கொஞ்சம் தள்ளிப் போகுமே தவிர சாய்வு மாறாது. சாய்வு 0.248 கிட்ட வரும், அத 4π², அதாவது 39.48ஆல பெருக்குங்க, 9.79. கோடு ஆதிப்புள்ளி வழியா போகலையேன்னு பிடிச்சு வளைச்சுடாதீங்க, அந்த விலகல்தான் குண்டோட ஆரம்.

கேள்வி: அண்ணா, ஊசல சின்ன கோணத்துலதான் ஆட விடணும்ங்கறாங்க, சின்ன கோணம்னா எவ்ளோ சின்னது?

பதில்: 10 டிகிரி வரைக்கும் கவலையே வேணாம், அலைவு நேரத்துல பிழை 0.2 சதவீதம்தான். 30 டிகிரிக்கு இழுத்து விட்டா 1.7 சதவீதம் ஏறும், ஜி 3 சதவீதத்துக்கு மேல குறையும். 1 மீட்டர் நூலுக்கு 17 செ.மீ. தள்ளி விட்டா 10 டிகிரி.

கேள்வி: எனக்கு 9.78 வந்துச்சு. புக்ல 9.8. மாத்தி எழுதிடவா?

பதில்: கைய வெச்சிடாத! சென்னையில நிஜமாவே 9.78தான். நிலநடுக்கோட்டுல 9.780, துருவத்துல 9.832. 1672ல ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல சரியா ஓடின ஊசல் கடிகாரத்த தென்னமெரிக்காவுல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்குற கயேனுக்குக் கொண்டு போனா, அங்க அது தினமும் ரெண்டரை நிமிஷம் லேட்டாச்சு. ஊசல் நீளத்தக் குறைச்சுதான் சரி பண்ணாரு.

கேள்வி: பந்த மேலேர்ந்து போட்டு ஸ்டாப்வாட்ச்ல அளக்கலாமா?

பதில்: 1 மீட்டர் விழ 0.45 செகண்டுதான், உன் விரல் 0.1 பிசகினாலே கதை முடிஞ்சுது. போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தா எடு, 24 ஃபிரேமுக்கு (0.1 செகண்டுக்கு) ஒரு தடவ பந்து எங்க இருக்குன்னு குறி. இடைவெளி 4.9, 14.7, 24.5 செ.மீ.ன்னு வரும், ஒவ்வொண்ணும் முன்னத விட 9.8 செ.மீ. கூட, அத 0.1 செகண்டோட வர்க்கத்தால வகுத்தா 9.8 மீ/செ², அதுதான் உன் ஜி. ஸ்கேல சுவத்துல சாய்ச்சு வெக்காம பந்து விழுற இடத்துக்குப் பக்கத்துலயே நிறுத்து, போன தள்ளி வை, லைட்ட நல்லா போடு, இல்லன்னா கடைசி ஃபிரேம்ல பந்து இழுபட்டுத் தெரியும்.