அப்பா சொன்ன 'கீழ ரோடு வேற'

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, ஊர் கோத்தகிரி. அடுத்த மாதம் சென்னையில் வேலையில் சேர்கிறேன். என்னிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது, கியர் வண்டி. ஆறு வருடமாக மலையில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். அதைத் தனியாகவே சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போக ஆசை. 25 வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவோ, "காரை லாரியில ஏத்திடலாம், நீ நீலகிரி எக்ஸ்பிரஸ்ல போ" என்கிறார். காரணம் கேட்டால், "மலையில நீ நல்லாத்தான் ஓட்டுற, கீழ ரோடு வேற" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பெண் என்பதால்தான் தடுக்கிறாரா? நான் போகலாமா?

பதில்: போகலாம், கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அப்பா சொன்ன அந்த ஒரு வரியைத் தள்ளிவிடாதீர்கள். பெண் பிள்ளை என்கிற பயம் அவருக்குக் கொஞ்சம் இருக்கலாம், எந்த அப்பாவுக்குத்தான் இல்லை. இருந்தாலும் 25 வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் "கீழ ரோடு வேற" என்கிறார் என்றால் அது தொழில் தெரிந்தவர் பேச்சு.

பலா பழுக்கிற காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும், ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் செகண்ட் கியரில் இறங்க வேண்டும், இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கிலோமீட்டரும் கையும் காலும் கண்ணும் சும்மா இருக்காது, அதனால் தூக்கமும் எட்டிப் பார்க்காது. அவிநாசி தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறினால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. ஐந்தாவது கியர், 90 வேகம், ஏசி, ஒரே இடத்தில் வலது கால், அவ்வளவுதான். அங்கேதான் ஆபத்து.

நான் கொடைக்கானலில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அங்கிருந்து இதே மாதிரி தனியாக சென்னைக்கு ஓட்டி வந்தேன். வத்தலக்குண்டு வரைக்கும் ஒரு பிசகில்லை. பெரம்பலூர் தாண்டி, மதியம் இரண்டரை மணி, திருச்சியில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன், டயருக்குக் கீழே டர்ர்ர் என்று சத்தம் கேட்டுத்தான் கண்ணையே திறந்தேன், வண்டி ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது, கொஞ்ச தூரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று. எத்தனை நொடி கண் மூடியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 90 வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். மூன்று நொடி அசந்தால் 75 மீட்டருக்கு வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

அதனால் ஒரே நாளில் போகாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வழியாகப் போனால் கோயம்புத்தூர் நெரிசலுக்குள் நுழையாமலே சேலம் சாலையைப் பிடித்துவிடலாம். மதியத்துக்குள் சேலம். அங்கே ரூம் போட்டுத் தூங்குங்கள். மறுநாள் விடிந்ததும் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம். கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர், ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தால்கூட வெயில் சாய்வதற்குள் தாம்பரம் வந்துவிடும். மதியம் கொட்டாவி வர ஆரம்பித்தால் டீயை மட்டும் நம்பாதீர்கள், ஆள் நடமாட்டம் இருக்கிற பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, சொல்லிவிட்டு, இருபது நிமிடம் தூங்குங்கள். இருட்டில் மட்டும் ஓட்டவே வேண்டாம். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், எதிர்த்திசையில் ஓரமாகவே வருகிற பைக்கும் பகலிலேயே திடுக்கிட வைக்கும். அப்புறம், ஞாயிறு சாயங்காலம் சென்னைக்குள் நுழைகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள், ஊருக்குப் போன சனம் மொத்தமும் பரனூர் டோல்கேட்டில்தான் நிற்கும்.

வண்டியைப் பற்றியும் ஒன்று. மலையிலேயே இருந்த கார் வெயிலைப் பார்த்ததில்லை. கோத்தகிரிக் குளிரில் ஏசியைப் போட்டிருக்கவே மாட்டீர்கள், அதில் கேஸ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன், பேட்டரி மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டயரை நீங்களே குனிந்து ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடிய டயர் நடுவில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேடுபள்ளம், நன்றாகத் தெரிய, ஓரத்தில் வழுக்கையாகியிருக்கும். அந்த டயரோடு 90-ல் போகக் கூடாது.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை போய்த் திரும்புங்கள். வலது ஓரத்தை விட்டு நகராத லாரியை என்ன செய்வது, மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்புகிற வண்டியை எவ்வளவு தூரத்திலேயே கவனிப்பது, இதையெல்லாம் அவர் வாயால் சொல்லத் தெரியாமல்தான் "வேற" என்று நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகச் சொல்வார். நீங்கள் ஓட்டுவதை அவரும் அந்த ரோட்டில் ஒருமுறை பார்த்த மாதிரி இருக்கும்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, அவசரத்துக்கு 112, இரண்டையும் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் அப்பாவின் நம்பரைக் கொடுங்கள். விஜயமங்கலம், நத்தக்கரை, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு டோலைத் தாண்டும்போதும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும், "எங்கம்மா இருக்கே" என்று அவர் கூப்பிடவும் வேண்டாம், ஓட்டுகிறபோது நீங்கள் போனை எடுக்கவும் வேண்டாம்.