‘குறைந்தது ஒன்று தலை’ என்றால் விடை 1/3ஆ, 1/2ஆ?

கேள்வி: பட்டப்படிப்பின் முதலாண்டில் எனக்குப் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்கிறது. சூத்திரங்கள் அனைத்தும் மனப்பாடமாகத் தெரியும்; ஆனால் கணக்கைப் பார்த்தவுடன் எதைப் போடுவது என்று தெரியாமல் திகைத்துப்போகிறேன். ‘இரண்டு நாணயங்கள் சுண்டப்படுகின்றன. குறைந்தது ஒன்று தலை எனத் தெரிந்தால், இரண்டும் தலையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?’ என்ற கணக்கில் எனக்கு 1/2 வருகிறது. விடைக்குறிப்பில் 1/3 என்று இருக்கிறது. திட்ட விலக்கக் கணக்குகளிலும் என் விடை அடிக்கடி சற்றே மாறிப்போகிறது. பணம் கட்டினால் படிப்படியான தீர்வுகளை அனுப்பும் இணையச் சேவை ஒன்றில் சேரலாமா?

பதில்: உங்கள் 1/2 எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. ஒரு நாணயம் தலை என்பது தெரிந்துவிட்டது, மற்றது தலையாகவோ பூவாகவோ இருக்கும், ஆகவே பாதி என்று எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணத்தில் பிழை ‘மற்றது’ என்ற சொல்லில் இருக்கிறது. எந்த நாணயம் தலை என்று கணக்கு சொல்லவில்லை. அதைச் சொல்லாதவரை ‘மற்றது’ என்று எதையும் சுட்ட இயலாது.

ஒரு நாணயத்துக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு நீலமும் பூசியிருப்பதாக வைத்துக்கொண்டு, கூறுவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுமையாக எழுதுங்கள். சிவப்பை முதலில் குறித்தால் தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என்று நான்கு விளைவுகள் கிடைக்கும், நான்கும் சமவாய்ப்புடையவை. குறைந்தது ஒன்று தலை என்ற செய்தி பூ–பூ என்பதை மட்டுமே அடித்துவிடுகிறது. எஞ்சிய மூன்றில் ஒன்றுதான் தலை–தலை. ஆகவே 1/3. நிபந்தனை நிகழ்தகவுச் சூத்திரத்தில் 1/4ஐ 3/4ஆல் வகுத்தாலும் இதே விடைதான் வரும். ஆனால் அடித்தது எது, எஞ்சியது எது என்று கண்ணால் பார்த்த பிறகு போடும் சூத்திரமே மனத்தில் தங்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு முறை சுண்டும்போது ஒரு முறையாவது தலை விழுவதற்கான நிகழ்தகவு 2/3 என்று, 1754இல் வெளியான பிரெஞ்சுக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் தலெம்பேர் என்ற பெரும் கணித அறிஞரே வாதிட்டார். முதல் முறையே தலை விழுந்துவிட்டால் இரண்டாம் முறை சுண்டத் தேவையில்லை. ஆகவே ‘தலை’, ‘பூ பிறகு தலை’, ‘பூ பிறகு பூ’ என்று மூன்றே வழிகள் என அவர் எண்ணினார். வழிகள் மூன்றுதான், ஆனால் அவை சமவாய்ப்புடையவை அல்ல. முதல் வழியின் நிகழ்தகவு 1/2, மற்ற இரண்டும் 1/4 வீதம். சரியான விடை 3/4. விளைவுகளை எண்ணி வகுக்குமுன், அவை சமவாய்ப்புடையவைதாமா என்று ஒவ்வொரு கணக்கிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பெரும்பாலான வகுப்புகளில் சொல்லப்படாத ஒன்றை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் 1/2 சரியாகிவிடும் நிலையும் ஒன்று உண்டு. இரண்டு நாணயங்களையும் பார்த்துவிட்ட ஒருவரிடம் ‘குறைந்தது ஒன்று தலையா?’ என்று நீங்கள் கேட்டு, அவர் ‘ஆம்’ என்றால் விடை 1/3. மாறாக, இரண்டும் மூடியிருக்கும்போது அவற்றுள் ஒன்றை மனம்போனபடி திறந்து பார்த்து, அது தலை என்று கண்டால்? இப்போது நாணயங்கள் விழுந்த விதத்தோடு, எதைத் திறந்தோம் என்பதையும் எண்ண வேண்டும். நான்கு விளைவுகள், ஒவ்வொன்றிலும் திறப்பதற்கு இரண்டு வாய்ப்புகள், மொத்தம் எட்டு. தலை–தலை விழுந்திருந்தால் எதைத் திறந்தாலும் தலைதான், எனவே இரண்டு. தலை–பூவில் ஒன்று, பூ–தலையில் ஒன்று. கண்ணில் தலை படும் வழிகள் நான்கு, அவற்றுள் இரண்டு தலை–தலையிலிருந்து வந்தவை. விடை 1/2. இரண்டு நிலைகளிலும் நமக்குத் தெரிந்திருப்பது ‘குறைந்தது ஒன்று தலை’ என்பதுதான், ஆனாலும் அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர்ந்த வழி விடையை மாற்றிவிடுகிறது.

ஆகவே செய்தி எவ்வாறு கிடைத்தது என்று ஒரு வரி எழுதாமல் இத்தகைய வினாவைக் கேட்பது வினாத்தாள் தயாரிப்பவரின் தவறு. ஒரு வரி சேர்த்தால் தீரக்கூடிய குழப்பத்தை ஆண்டுதோறும் அப்படியே அச்சிட்டு, மாற்றி எழுதிய மாணவருக்குச் சுழியம் போடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்வில் இவ்வினா வந்தால் 1/3 என்றே எழுதுங்கள். ‘இரு நாணயங்களையும் பார்த்தவரிடம் குறைந்தது ஒன்று தலையா என்று கேட்டுப் பெற்ற செய்தியாகக் கொள்கிறேன்’ என்று ஒரு வரியை மேலே சேர்த்துவிடுங்கள்.

எந்தச் சூத்திரம் என்ற திகைப்புக்குக் காரணம், பெரும்பாலும் குறுக்குவழி கற்பிப்போர் விதைத்த சொல் அடையாளங்கள்தாம். ‘மற்றும் என்றால் பெருக்கு, அல்லது என்றால் கூட்டு’ என்பது அவற்றுள் தலையாயது. 52 சீட்டுகளில் ஒன்றை எடுக்கும்போது அது ஹார்ட்டாகவோ ராஜாவாகவோ இருக்கும் நிகழ்தகவை இவ்வழியில் கண்டால் 13ஐயும் 4ஐயும் கூட்டி 17/52 என்று வரும். ஹார்ட் ராஜா இரு முறை எண்ணப்பட்டிருக்கிறது. சரியான விடை 16/52. இரண்டு சீட்டுகளைத் திரும்ப வைக்காமல் எடுத்து இரண்டும் ஏஸாக இருக்க வேண்டுமென்றால், 4/52ஐ மீண்டும் 4/52ஆல் பெருக்கக் கூடாது. முதல் ஏஸ் போனபின் 51 சீட்டுகளில் 3 ஏஸ்களே இருப்பதால் 4/52ஐ 3/51ஆல் பெருக்க, 1/221 கிடைக்கும். வரிசைமாற்றமா சேர்மானமா என்பதற்கும் சொல் அடையாளம் தேடாதீர்கள். தேர்ந்தெடுத்த இருவரை இடம் மாற்றினால் புதிய விளைவு ஆகுமா என்று மட்டும் கேளுங்கள். ஐவரில் ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் என்றால் 20 வழிகள், இருவர் கொண்ட குழு என்றால் 10.

பணம் கட்டும் சேவையில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய ஒரு சேவையிலிருந்து விலைக்கு வாங்கிய தீர்வை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு முறை ஆறு விழும் நிகழ்தகவு என்ன என்பது கணக்கு. அழகாகத் தட்டச்சு செய்த ஐந்து படிகளில் 1/6ஐ நான்கு முறை கூட்டி 4/6 என்று முடித்திருந்தார்கள். இதே வழியில் ஆறு முறை உருட்டினால் ஆறு விழுவது உறுதி என்றாகும், ஏழு முறை உருட்டினால் நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிவிடும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. காசு வாங்கியவர் அதைச் செய்யவில்லை, காசு கொடுத்தவருக்கு அது கற்பிக்கப்படவில்லை. ‘குறைந்தது ஒன்று’ என வந்தால் ஒன்றுமே நிகழாத நிரப்பு நிகழ்ச்சியைக் காண்பதே நேர்வழி. நான்கு முறையும் ஆறு விழாமலிருக்க 1296இல் 625 வழிகள், எனவே விழுவதற்கு 671 வழிகள், ஏறத்தாழ 0.518. கணித அறிஞர் பாஸ்கல் 1654இல் மற்றொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலேயே 671க்கு 625 என்ற இந்த விகிதம் இருக்கிறது. அதைவிடப் பின்தங்கிய தீர்வுக்கு மாதச் சந்தா செலுத்துவதில் எந்தப் பொருளும் இல்லை.

அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, ஒவ்வொரு கணக்கையும் முதலில் சிறிதாக்கிப் போட்டுப் பழகுங்கள். பத்து நாணயங்கள் என்றால் மூன்று நாணயங்களுக்கு எட்டு விளைவுகளையும் எழுதி, கையால் எண்ணி, நீங்கள் போட எண்ணிய சூத்திரம் அதே எண்ணைத் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் அது தவறான சூத்திரம்.

மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில் விடை சற்றே மாறுவதற்கும் காரணம், தரவு எவ்வாறு வந்தது என்பதைக் கணக்கு சொல்லாமல் விடுவதுதான். கையில் உள்ள மதிப்புகளே முழுத்தொகுதி என்றால் சராசரியிலிருந்து மதிப்புகளின் விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டிய தொகையை மதிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். பெரிய தொகுதியிலிருந்து எடுத்த கூறு (மாதிரி) என்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். கூறின் சராசரி அந்த மதிப்புகளிலிருந்தே கணக்கிடப்படுவதால், அவை தொகுதியின் உண்மையான சராசரியைக் காட்டிலும் அதற்கே நெருக்கமாக அமைந்து பரவலைக் குறைத்துக் காட்டுகின்றன. ஒன்றைக் குறைப்பது அதை ஈடுசெய்யத்தான். கால்குலேட்டர்கள் பலவற்றில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. 2, 4, 6 என்ற மூன்று எண்களை உள்ளிட்டுப் பாருங்கள்: 1.633 என்று காட்டும் பொத்தான் முழுத்தொகுதிக்கானது, 2 என்று காட்டுவது கூறுக்கானது. இதுவரை எதை அழுத்திவந்தீர்கள் என்று தெரிந்துகொண்டு, மாறிப்போன கணக்குகளை மற்றப் பொத்தானால் ஒருமுறை சரிபாருங்கள்.