உயரத்தைப் பிரித்த பிறகும் ட்ரோன் மோதுவது ஏன்?

வணக்கம். ஹெலிகாப்டருக்குக் கீழ் அடுக்கு, ட்ரோனுக்கு நடு அடுக்கு, சரக்கு விமானத்துக்கு மேல் அடுக்கு என்று பிரித்தும் உங்கள் கணினி மாதிரியில் மோதல் வருகிறது, நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலைத் திட்டாதீர்கள், போர்க்கள வானத்திலும் இதே தொல்லைதான்.

'உயரம்' என்று எதைக் கணக்கிடுகிறீர்கள்? விமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கிறார். உங்கள் ட்ரோன் ஜி.பி.எஸ். உயரத்தைச் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. உயரமானியில் அழுத்த அளவை 10 ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தாலே கிட்டத்தட்ட 300 அடி பிசகும். நீங்கள் விட்டிருக்கும் 500 அடி இடைவெளியில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று.

அதைவிடப் பெரிய தலைவலி, தொடர்பு அறுந்துபோவது. இணைப்பு போனதும் பல ட்ரோன்கள் முன்பே பதிந்துவைத்த உயரத்துக்கு ஏறி, பதிந்த பாதையில் தளம் திரும்பும். அந்த உயரம் யாருடைய அடுக்கில் இருக்கிறது? உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டமே இல்லை. ஏறும் வழியையும் திரும்பும் பாதையையும் புறப்படும் முன்பே ஒதுக்கிவையுங்கள்.

'சின்ன ட்ரோன்தானே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2011 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் ஆர்.க்யூ-7 ஷாடோ ட்ரோன் மோதி, அமெரிக்காவின் சி-130 சரக்கு விமானம் இறக்கை சேதமடைந்து அவசரமாகத் தரையிறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நானாக இருந்தால் நிரந்தர அடுக்குகளைக் கைவிட்டு, இடம், உயரம், நேரம் மூன்றும் சேர்ந்த பெட்டிகளாக ஒதுக்குவேன். வேலை முடிந்ததும் பெட்டியை மற்றவர்களுக்குத் திறந்துவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்களுக்கு வழியே இருக்காது.