கேட்டில் நிற்கும் கார்கள்: வரைபடப் பிழையை எப்படித் தெரிவிப்பது?

கேள்வி: எங்கள் எஸ்டேட் பாதை, தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பொதுச் சாலையாக இருக்கிறது. அதை நம்பி வரும் வெளியூர் கார்கள் பூட்டிய கேட்டில் மாட்டிக்கொள்கின்றன, திருப்பவும் இடமில்லை. 'வழி தவறு' என்று குறிப்பு போட்டும் யாரும் திருத்தவில்லை. கல்லூரி மாணவர்கள் சிலர் பிழை தெரிவிக்க ஒரு செயலி செய்கிறார்கள். அதில் என்னென்ன வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: திருத்துபவர் தன்னார்வலர்; உங்கள் மலையையே பார்த்திராதவராக இருக்கலாம். 'வழி தவறு' என்றால் எந்த வழி, யாருக்குத் தவறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயரில்லாமல் போட்ட குறிப்பென்றால் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. கணக்குத் தொடங்கிப் போட்டால், அவர் கேட்கும் கேள்வி உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'இந்தப் புள்ளியில் இரும்பு கேட், எப்போதும் பூட்டியிருக்கும். தனியார் வழி என்று பலகை உண்டு. நடந்து போகலாம், வண்டி போகாது. இன்று நேரில் பார்த்தது.' இதில் 'நடந்து போகலாம்' என்பது முக்கியம். அது இருந்தால் பாதைக்கு 'மோட்டார் வெஹிகிள்=பிரைவேட்' (வண்டிகளுக்கு மட்டும் தனியார் வழி) என்று போடுவார்கள். இல்லாவிட்டால் 'ஆக்சஸ்=பிரைவேட்' (எல்லோருக்கும் தனியார் வழி) என்று போட்டு, நடப்பவர்களுக்கும் வழி அடைபட்டுவிடும். வெறும் கேட்டை மட்டும் குறித்தால் பயனில்லை. திறந்து கடக்கலாம் என்றே சில வழிகாட்டிச் செயலிகள் எடுத்துக்கொள்ளும்.

செயலி இந்த விவரங்களைத் தானாகவே கேட்டு வாங்க வேண்டும். காரா, நடையா, எங்கிருந்து எங்கே போகும்போது பிழை தெரிந்தது என்று கேளுங்கள். ஃபோனில் இறக்கிய வரைபடம் எந்தத் தேதியினுடையது என்பதைச் செயலியே சேர்த்து அனுப்பட்டும்; பழைய படத்தில் தெரியும் பிழையை ஏற்கெனவே யாராவது சரிசெய்திருக்கலாம். பக்கத்தில் இன்னும் தீர்க்கப்படாத குறிப்புகளை முதலில் காட்டினால் ஒரே புகார் பலமுறை வராது.

நம் மலைக்கென்றே ஒன்று உண்டு: பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. வீட்டுக்கு வந்து அனுப்பினால் புள்ளி வீட்டில் விழுந்துவிடும். ஆகவே இடத்தையும் நேரத்தையும் அங்கேயே ஃபோனில் சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு '20 மீட்டர் துல்லியம்' என்றால், அந்த வட்டத்துக்குள் நீங்கள் இருக்க வாய்ப்பு 68 சதவீதம்தான். கொண்டை ஊசி வளைவில் அதற்குள் மேல் சாலையும் கீழ் சாலையும் அடங்கிவிடும். எந்தச் சாலை என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

குறிப்புகளை உலகமே பார்க்கும். எஸ்டேட்காரர் பெயரோ ஃபோன் எண்ணோ அதில் வேண்டாம்.

கேள்வி: பூம்பாறை பக்கம் ஒரு சாலை, என் ஜி.பி.எஸ். தடத்திலிருந்து (நான் போன வழியின் பதிவிலிருந்து) விலகி வரையப்பட்டிருக்கிறது. நகர்த்திவிடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: ஒரே தடத்தை வைத்து வேண்டாம். செங்குத்துச் சரிவிலும் அடர்ந்த மரத்தடியிலும் சிக்னல் எதிரொலித்துத் தடம் விலகும். செயற்கைக்கோள் படமும் மலைச்சரிவில் சில மீட்டர் தள்ளி விழலாம். இரு திசையிலும் போய்வந்து மூன்று நான்கு தடங்களாவது பதிவேற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் விலகினால் மட்டும் சாலையை நகர்த்துங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து வரைய அனுமதியில்லை.