மேல்மலைப் புல்வெளியில் மரம் நடலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்ட பகுதி, படிக்கட்டு போல வெட்டியது, பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதற்கு மேலே சரிவு முழுக்கப் புல். கிழக்கு ஓரத்தில் வாட்டில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கீழே ஒரு ஓடை. நாங்கள் இப்போது மதுரையில் இருக்கிறோம், நிலத்தை விற்க மனமில்லை. வாட்டிலை மொத்தமாக வெட்டிவிட்டு, புல் இருக்கும் இடமெல்லாம் ஆயிரம் சோலை மரக்கன்றுகள் நட்டுக் காடாக்க நினைக்கிறோம். எந்த மரங்களை நடலாம், எப்போது நடலாம்?

பதில்: விற்காமல் வைத்துக்கொண்டு இயற்கைக்கே திருப்பிக் கொடுக்க நினைக்கிறீர்களே, அது பெரிய மனசு. ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: மேல் சரிவில் இருப்பது பழைய புல்வெளியாக இருந்தால் அங்கே ஒரு மரக்கன்றுகூட வேண்டாம். மலை மடிப்புகளில் இயல்பாக வளரும் உள்ளூர்க் காடான சோலையின் மரமாக இருந்தாலும் வேண்டாம். வாட்டிலையும் ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். மரம் நட உங்கள் நிலத்தில் பொருத்தமான இடம் ஓடையோரம் மட்டுமே.

மலையுச்சியில் வெறும் புல்லைப் பார்க்கும் பலருக்கும், இங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்கும், யாரோ அழித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். உண்மை அப்படியில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் சற்றே வேறுபடும் கார்பன் அணு வகைகளை) அளந்து 1993-ல் வெளியிட்டார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. அதனால் அவை மக்கி மண்ணில் விட்டுச்செல்லும் தடயமும் வேறு. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனால், கிட்டத்தட்ட 20,000 ஆண்டுகளாக இந்த மலைகளில் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வந்திருப்பது தெரிகிறது. கோடரி மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருந்தது.

மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இத்தனை காலம் எப்படி நிலைத்தன? இதற்குப் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. மேகமில்லாத ஜனவரி ராத்திரியில் திறந்த புல்சரிவு தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடியும்போது புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நாற்பதடி தள்ளி சோலைக்குள் போனால் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே உறைபனி விழுவதில்லை. சோலை மரத்தின் நாற்று திறந்த புல்லில் நின்றால் இலை கருகி, குருத்து வாடி, அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. புற்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே கருகினாலும் அடிக்குத்தில் உயிர் இருக்கும், மழைக்குத் துளிர்க்கும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் நாற்றோ இந்த உறைபனியைச் சோலை நாற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆகவே புல்சரிவில் நீங்கள் ஆயிரம் சோலைக் கன்றுகளுக்குக் குழி தோண்டினால், கன்றுகளில் பெரும்பாலானவை பனியில் போய்விடும், கிளறிய மண்ணில் வாட்டில் முளைக்கும். வெப்பநிலை உயர உயர உறைபனியின் இந்தக் காவல் இன்னும் தளரும் என்றும் அதே ஆய்வு எச்சரிக்கிறது.

உங்கள் பழனி மலையிலேயே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். அரசுமணி, ராபின் விஜயன் உள்ளிட்ட குழு செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் வைத்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளில் அங்கே சோலைக்காட்டில் 31 சதவீதம் போயிருக்கிறது. புல்வெளியில் 66 சதவீதம் போயிருக்கிறது. மலையின் பெரும் பரப்பாக இருந்த புல்வெளி இன்று துண்டு துண்டாகக் கிடக்கும் அபூர்வப் பரப்பு. போனதில் பெரும்பங்கு வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களுக்கும், அந்தத் தோட்டங்களிலிருந்து தானாகவே விதை பரவி ஏறிய மரங்களுக்கும்தான். விவசாயத்தின் பங்கு அதைவிடக் குறைவு. 'சோலையை மீட்போம்' என்று எல்லோரும் பேசுகிறோம். அதைவிட அதிகமாக அழிந்த புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலத்தில் ஓடை இருக்கிறது. மரம் வைத்தால் ஊற்று பெருகும் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. நீலகிரி கிளன்மார்கனில் ஊட்டி மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றை இயற்கைப் புல்லாகவே விட்டது, மற்றொன்றில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பக்கத்து ஓடையில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட அடுத்த சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம் ஆனது. கோடையில் ஓடையில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் மேலே புல் இருப்பதுதான் உங்களுக்கும் கீழே இருக்கும் ஊர்களுக்கும் நல்லது.

அப்புறம் அங்கே குடியிருக்கும் உயிர்கள். இந்த உயரமான முகடுகள் ஒன்றிலிருந்து ஒன்று தாழ்வான, வெப்பமான பள்ளங்களால் பிரிக்கப்பட்டவை. பாலக்காட்டுக் கணவாய் அதில் மிகப் பெரியது. குளிர்ந்த உச்சியில் வாழும் பறவை அந்தப் பள்ளத்தைக் கடப்பதில்லை. கடக்காத கூட்டங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. ராபின் விஜயனும் கூட்டாளிகளும் மரபணுக்களை ஒப்பிட்டு, இங்குள்ள சோலைப் பறவைகளில் சிலவற்றை உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு புதிய பேரினங்களாக (நெருங்கிய இனங்களின் தொகுதிகளாக) 2017-ல் அறிவித்தார்கள். பழனி மலையில் சோலையோரப் புதர்களில் கூட்டமாகச் சலசலக்கும் சிரிப்பான் பறவை அவற்றில் ஒரு பேரினத்தைச் சேர்ந்தது. இவை சோலைக்காரர்கள். புல்லுக்கென்றே பிறந்தது நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை. தமிழ்நாடு, கேரள உச்சிப் புல்வெளிகளைத் தவிர அதற்கு இடமில்லை. மரம் ஏறிய புல்வெளியை விட்டு அது போய்விடும், போக வேறு மலையும் இல்லை. வரையாடும் குறிஞ்சியும் இதே புல்லை நம்பியவைதான்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். முதல் வேலை, மேல் சரிவில் இருப்பது பழைய புல்வெளியா, கைவிட்ட வயலில் வந்த புல்லா என்று பார்ப்பது. ஜூன் மழைக்குப் பிறகு ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் போய், குனிந்து, தரையைப் பாருங்கள். பழைய புல்வெளியில் புல் குத்துக் குத்தாக நிற்கும். ஒரே சதுர அடிக்குள் நாலைந்து வகைப் புல்லும், நடுநடுவே தரை ஆர்க்கிட், காசித்தும்பை இனத்துச் சிறு செடிகளும் தெரியும். முழங்கால் உயரக் குறிஞ்சிப் புதர் இருந்தால் இன்னும் உறுதி. குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030, ஆகவே பூவைத் தேடாதீர்கள், சொரசொரப்பான பற்கள் கொண்ட இலையைப் பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்து நிற்கும் முறுக்கிய மரம், சிவப்புப் பூக்கொத்தோடு இருந்தால், அது காட்டுப் பூவரசு. உறைபனியையும் தீயையும் தாங்கிப் புல்லுக்குள்ளேயே வாழத் தெரிந்த உள்ளூர் மரம் அது, அப்படியே நிற்கட்டும். இதற்கு மாறாக, பாய் விரித்தது போல ஒரே வகையாகக் கிக்குயு புல் படர்ந்திருந்தாலோ, பெரணி மட்டும் இடுப்பளவு மண்டியிருந்தாலோ அது உழுது கிளறப்பட்ட மண்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பழைய புல்வெளியைத் திரும்ப உண்டாக்குவது மிகக் கடினம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆஷிஷ் நெர்லேகரும் ஜோசப் வெல்ட்மேனும் உலகின் பல நாட்டுப் புல்வெளி ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் எழுதினார்கள். ஒருமுறை அழிந்த புல்வெளி தன் பழைய தாவர வளத்தை எட்டக் குறைந்தது ஒரு நூற்றாண்டு, பெரும்பாலும் அதைவிட மிக நீண்ட காலம் ஆகும் என்பது அவர்கள் முடிவு. மரம் வைத்தால் கார்பன் சேருமே என்று கேட்பீர்கள். புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. காட்டுத்தீ வந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

வாட்டிலுக்கு வருகிறேன். இதில்தான் நல்ல எண்ணத்தோடு பலர் அவசரப்படுகிறார்கள். கறுப்பு வாட்டில் விதைக்குக் கெட்டியான தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயோ, நேர் வெயிலோ, மண்ணைக் கிளறுவதோ அதை எழுப்பிவிடும். மொத்தமாக வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே நாற்றுகள் கீரைப்பாத்தி போல நெருங்கி வரும். ஆகவே வெட்டுவதற்கு முன் அந்தத் தோப்புக்குள் நுழைந்து, மரங்களின் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். தடித்த, பளபளப்பான இலையோடு நாவல் வகைகளோ, காட்டுச் செண்பகமோ, மற்ற சோலைக் கன்றுகளோ இருந்தால், வாட்டில் அவற்றுக்கு உறைபனியிலிருந்து நிழல்குடை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையின் ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்தது இதைத்தான். அப்படிப்பட்ட தோப்பை விட்டுவிடுங்கள். உள்ளே சோலை தானாக மேலேறும். கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்தபின், அவற்றை மூடி நிற்கும் வாட்டிலை ஒன்றொன்றாக எடுத்தால் போதும்.

உடனே செய்ய வேண்டியது தோப்பின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்துதான் வாட்டில் புல்லுக்குள் நடந்து வருகிறது. புல்லுக்கு நடுவே முழங்காலுக்குக் கீழே இருக்கும் நாற்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையாலேயே வேரோடு பிடுங்கலாம். மண்வெட்டி வேண்டாம், பொக்லைன் கூடவே கூடாது. பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை உள்ளூர் ஆட்கள் நாலு பேரை வைத்து ஒரு நாள் வேலை பார்த்தால், உங்கள் அளவு நிலத்துக்கு அது தாங்கும். ஆனால் ஒரு வருடம் விட்டாலும் கை வேலை வெட்டுக்கத்தி வேலையாகிவிடும். வெள்ளி வாட்டில் வகையாக இருந்தால் கவனம்: வெட்டினால் வேரிலிருந்து சுற்றிலும் கன்று விடும். கறுப்பு வாட்டிலுக்கு அந்தப் பழக்கம் குறைவு. எது என்று தெரியாமல் கத்தியை எடுக்க வேண்டாம்.

ஓடையோரத்தில் மரம் நடுங்கள், மனதார நடுங்கள். ஏற்கெனவே நிழலும் ஈரமும் இருக்கும் மடிப்பில், இருக்கும் மரங்களை ஒட்டி, பக்கத்துச் சோலையில் கிடைத்த விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை ஜூன், ஜூலையில் வையுங்கள். வேம்பும் புங்கமும் மலையடிவார நர்சரிகளில் கிடைக்கின்றன என்பதற்காக ஏற்றி வராதீர்கள். ஆயிரம் வேண்டாம், நூறு நட்டு முதல் இரண்டு குளிர்காலத்துக்குத் துணை செய்தால் காடு கிடைக்கும். அப்பாவின் பழைய உருளைக்கிழங்கு நிலத்தில், உங்கள் சரிவிலிருந்தே புல்குத்துகளைச் சிறிதளவு பிரித்தெடுத்து, ஒரு முழ இடைவெளியில் நட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் நிறைய எடுக்காமல் அங்கங்கே கொஞ்சம் எடுக்க வேண்டும். மாடு மேய்வதைப் பற்றிக் கவலை வேண்டாம், கூட்டமாக அடைத்து வைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கடைசியாக, சட்டம். கொடைக்கானல் பகுதி 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. பட்டா நிலமானாலும், வாட்டிலாகவே இருந்தாலும், வளர்ந்த மரத்தை வெட்ட முன்அனுமதி தேவை. பட்டையை வளையமாக உரித்து நிற்கவைத்தே காயவிடுவதையும் கேட்காமல் செய்யாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது, எந்த மரத்தை, எந்த விளிம்பில், எத்தனை வருடத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று ஒரு கை வரைபடத்தோடு எழுதிக்கொடுங்கள். நிலத்தைப் பார்க்க வரும் அலுவலருக்கு நோக்கம் புரியும். புல்லுக்குள் இருக்கும் சிறு நாற்றுகளைக் கையால் பிடுங்கப்போவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்திலேயே ஜூன் மழை வந்துவிட்டால் அந்த வேலையைத் தொடங்கலாம்.